முன்னெழுத்தில் இருக்கும் அம்மா

(மதுரையில் ஒரு நூலக வாசகர் வட்டத்தின் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த வாசகர் வட்டத்துப் பிள்ளைகள் நம் நாட்டில் பெயர் பெற்ற மனிதர்களைப் பற்றிச் சிறு சிறு வாழ்க்கைக் குறிப்புகள் எழுதித் தொகுத்துக்கொண்டிருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடுப்பதற்காக ஒரு புத்தகம். கையெழுத்துப் படிகளை என்னிடம் கொடுத்து, "ஐயா, ஒரு தடவை படித்துப் பாருங்கள்" என்றார்கள். படித்தேன். நல்ல உழைப்பு. பிறந்த ஆண்டு, படித்த பள்ளி, வாங்கிய விருது எல்லாம் சரியாக இருக்கின்றன. தந்தையைப் பற்றி எழுதும்போது பெயர், ஊர், பார்த்த வேலை என்று வரிசையாக வருகிறது. தாயாரிடம் வரும்போது மட்டும் பேனா தயங்குகிறது. "அன்பும் அடக்கமும் நிறைந்தவர்", "மகனுக்காகத் தன்னையே தியாகம் செய்தவர்" என்று ஒரு வாக்கியத்தோடு நகர்ந்துவிடுகிறது. சில தாள்களில் அந்த அம்மாவின் பெயர்கூட இல்லை.

பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் படித்த புத்தகங்கள் அப்படி. ஆகவே இன்றைக்கு அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

மதுரையில் நின்றுகொண்டு வேறு யாரிடமிருந்து தொடங்க முடியும்? எம்.எஸ். சுப்புலட்சுமி. உலகமே "எம்.எஸ்." என்று இரண்டு எழுத்தில் அழைத்த பெயர். அந்த இரண்டு எழுத்துக்கு என்ன பொருள் என்று ஒரு வகுப்பில் கேட்டேன். 'எம்' மதுரை என்று உடனே சொன்னார்கள். 'எஸ்' என்றால் சுப்புலட்சுமி என்றான் ஒரு பையன். அப்பா பெயராக இருக்கும் என்றாள் ஒரு பெண். தந்தை சுப்பிரமணிய ஐயர், இதே ஊரில் வழக்கறிஞர். அவர் பெயரும் 'எஸ்'ஸில்தான் தொடங்குகிறது. ஆனால் அந்த 'எஸ்' அவருடையது அல்ல. அது சண்முகவடிவு. வீணை வாசித்த சண்முகவடிவு. பெற்ற அம்மா.

சண்முகவடிவின் தாயார் அக்கம்மாள் பிடில் வாசித்தவர். பாட்டி பிடில், அம்மா வீணை, அண்ணன் சக்திவேல் மிருதங்கம், சகோதரி வடிவாம்பாளுக்கும் வீணை. வீட்டில் குழந்தை அழுதால்கூடச் சுருதியோடு அழ வேண்டிய வீடு அது. பெரிய வித்வான்கள் மதுரைக்கு வந்தால் அந்த வீட்டுப் படியேறுவார்கள். வருகிறவர் முன்னால் பெண்ணை உட்காரவைத்து ஒரு பாட்டுப் பாடச் சொல்வார் சண்முகவடிவு. பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் அடித்ததில் உடம்புக்கு வந்து, ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது என்று எம்.எஸ். பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதன்பிறகு வீடுதான் பள்ளி. அம்மா வீணை வாசிக்க வாசிக்க, அந்த நாதத்தைத் தொண்டையில் வாங்கிப் பாடிப் பார்ப்பது. தம்புராவைச் சுருதி சேர்ப்பது. சேர்ந்ததா என்று கேட்டுக்கொண்டே இருப்பது.

இந்த ஊர் சேதுபதி பள்ளியில் நடந்த ஒரு சம்பவத்தை எம்.எஸ். நினைவுகூர்ந்திருக்கிறார். அம்மாவின் வீணைக் கச்சேரி. சிறுமி வெளியே மண்ணைப் பிசைந்து விளையாடிக்கொண்டிருக்கிறாள். திடீரென்று யாரோ வந்து தூக்குகிறார்கள். கையில் இருந்த மண்ணைத் துடைத்துவிட்டு, பாவாடையைத் தட்டிவிட்டு, உள்ளே கொண்டுபோய் மேடையில் உட்காரவைக்கிறார்கள். அம்மா "பாடு" என்கிறார். குழந்தை இரண்டு பாட்டுப் பாடுகிறது. கைதட்டலைக் கேட்டு ரசிக்கக்கூட நேரமில்லை, மனம் வெளியே விட்டுவந்த மண்ணிலேயே இருந்தது என்கிற பொருளில் அவர் சொல்கிறார். சண்முகவடிவு அந்தக் கச்சேரியின் நடுவில் தன் வீணையை நிறுத்திவிட்டு மகளைப் பாடச் சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும். மேடை அவருடையது. அந்த மேடையில் மகளுக்கு அவரே இடம் போட்டுக் கொடுத்தார். 1926இல், பத்து வயதில், சுப்புலட்சுமியின் முதல் இசைத்தட்டு வந்தது. அதில் கூட வாசித்த வீணை சண்முகவடிவுடையது.

இனி, புத்தகங்கள் தயங்குகிற இடத்துக்கு வருகிறேன். 1936இல் சுப்புலட்சுமி மதுரையை விட்டுச் சென்னைக்குப் போனார். அன்றைய வழக்கப்படி மகளை ஒரு செல்வந்தரின் ஆதரவில் வைத்துவிடத் தாயார் எண்ணினார், மகளுக்கு அதில் விருப்பமில்லை என்று வாழ்க்கை வரலாற்று ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். 1940இல் சுப்புலட்சுமி சதாசிவத்தை மணந்தார். இந்தக் கதையைச் சொல்லும்போது சண்முகவடிவைக் கல்நெஞ்சக்காரியாக்கிவிடுவது எளிது. இதை அடியோடு மறைத்து அவரைத் தெய்வமாக்கிவிடுவதும் எளிது. எனக்கு இரண்டும் சம்மதமில்லை. ஒரு வீணையின் வருமானத்தில் மூன்று பிள்ளைகளை வளர்த்த பெண் அவர். தன் இசை வேளாளர் குலத்துப் பெண்களுக்கு உலகம் விட்டுவைத்திருந்த பாதுகாப்பு ஒன்றே ஒன்று. அதையே மகளுக்கும் தேடினார். மகள் வேறு பாதை கேட்டார். இருவர் பக்கமும் நின்று இதை எழுத முடியும். அப்படி எழுதினால்தான் அந்த வீட்டின் கதை முழுமையாகும்.

'எம்.எல்.வி.' என்றும் ஒரு பெயர் உண்டு. வசந்தகுமாரி. 'எம்' மெட்ராஸ். 'எல்' அம்மா லலிதாங்கி. அவரும் பாடகி, புரந்தரதாசர் பாடல்களைத் தேடிக் கற்றுத் தமிழ்நாட்டு மேடைகளில் பரப்பியவர். பின்னாளில் எம்.எல்.வி. கச்சேரியில் தாசர் பாடல்கள் தவறாமல் இடம்பெற்றன என்றால், அது அம்மாவின் சொத்து. ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் சிஷ்யை என்று எல்லாரும் சொல்கிறோம், அது உண்மைதான். ஆனால் ஜி.என்.பி. வருவதற்கு முன்பே அந்தக் குரலை ஒருவர் பண்படுத்தியிருந்தார். குருவின் பெயரை வாயால் சொல்கிறோம். அம்மாவின் பெயரை முன்னெழுத்தாகச் சொல்கிறோம், ஆனால் சொல்வது தெரியாமல் சொல்கிறோம்.

இப்படித் தாய் பெயர் முன்னெழுத்தாக வந்தது எப்படி? இசை வேளாளர் குடும்பங்களில், குறிப்பாகக் கோயிலுக்கும் கலைக்கும் பெண்களை அனுப்பிய வீடுகளில், வீடு பெண் பெயரில் இருந்தது. சொத்து பெண்வழி போனது. வித்தையும் பெண்வழி போனது. அந்த வழக்கத்துக்குள் கொடுமை இருந்தது, அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். ஆனால் தமிழ்நாட்டில் பெண் தன் பெயரைத் தன் பிள்ளைக்குக் கொடுக்க முடிந்த ஒரு சில இடங்களில் அது ஒன்று என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அந்த வழியின் உச்சம் வீணை தனம்மாள் வீடு. 1867இல் பிறந்து 1938இல் மறைந்தவர். சென்னை ஜார்ஜ் டவுனில் ராமகிருஷ்ண செட்டித் தெருவில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வீணை வாசிப்பார். கேட்க வருகிறவர்கள் பெரிய பெரிய வித்வான்கள். மூச்சுச் சத்தம்கூட அதிகம் என்கிற அமைதி அங்கே நிலவும். மீட்டும் விரலின் நுனிக்கும் கேட்பவரின் காதுக்கும் நடுவில் வேறெதுவும் இருக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். கடைசிக் காலத்தில் கண் பார்வை போயிற்று. கடனும் இருந்தது. வாசிப்பு மட்டும் தளரவில்லை.

அவருடைய மகள் ஜெயம்மாள். ஜெயம்மாளின் மகள் பாலசரஸ்வதி. ஜெயம்மாளின் பிள்ளைகள் புல்லாங்குழல் விஸ்வநாதன், மிருதங்கம் ரங்கநாதன். இன்னொரு மகள் காமாட்சியின் பெண்கள் பிருந்தா, முக்தா. ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள் இத்தனை பேர். ஒரு பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய வேலையை ஒரு தாழ்வாரம் செய்திருக்கிறது.

ஜெயம்மாளைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பாலசரஸ்வதி 1918இல் பிறந்தார். அந்தக் குழந்தை ஆட வேண்டும் என்று ஜெயம்மாள் முடிவு செய்த காலம் எப்படிப்பட்டது? சதிராட்டம் என்றால் ஊர் முகம் சுளித்த காலம். அதே குலத்துக் குடும்பங்களே பெண்களை ஆட்டத்திலிருந்து விலக்கிக்கொண்டிருந்தன. உறவினர் எதிர்த்தார்கள். ஜெயம்மாள் அசையவில்லை. நட்டுவனார் கந்தப்ப பிள்ளையிடம் விட்டார். 1925இல், ஏழு வயதில், காஞ்சிபுரத்தில் ஒரு அம்மன் கோயிலில் அரங்கேற்றம் நடந்தது.

அதன்பிறகு பல ஆண்டுகள் மகள் ஆடும்போது அம்மா பாடினார். ஒரு பதத்தின் ஒற்றை வரியை ஜெயம்மாள் எடுப்பார். முதல் தடவை நேராகப் பாடுவார்; மகள் கண்ணால் ஒரு பொருள் சொல்வார். அதே வரியை அடுத்த தடவை ஒரு வளைவோடு பாடுவார். மகள் கை வேறு பொருள் சொல்லும். வரி மாறவே மாறாது, பாட்டு மாறிக்கொண்டே இருக்கும், ஆட்டமும் கூடவே மாறும். என்ன வரப்போகிறது என்று முன்கூட்டிப் பேசிவைத்துக்கொள்வது கிடையாது. அடுத்த சங்கதியை மகள் எப்படி வாங்குவாள் என்று அம்மாவுக்குத் தெரியும். அம்மா எங்கே நிற்பாள் என்று மகளுக்குத் தெரியும். பாலசரஸ்வதியின் அபிநயத்தை உலகம் கொண்டாடியது. 1973இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது நடனக் கலைஞர் ஒருவருக்கு முதல்முதலாக அவருக்குத்தான் கிடைத்தது. அந்த அபிநயத்தில் பாதி ஜெயம்மாளின் குரல். இதை "தாயாரின் ஊக்கத்தால்" என்று எழுதினால், ஒரு பெரிய பாடகியின் வாழ்நாள் வேலையைத் தட்டிக்கொடுத்தலாகச் சுருக்கிவிடுகிறோம்.

இப்போது கொடுமை என்றேனே, அதற்கு வருகிறேன். அதைப் பேச வேண்டியவர் முத்துலட்சுமி ரெட்டி.

1886இல் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாயார் சந்திரம்மாள், இசை வேளாளர் குலம். சந்திரம்மாளோடு வாழ்ந்ததற்காக நாராயணசாமியை அவர் குடும்பம் ஒதுக்கியது. அதனால் பிள்ளைகளுக்குத் தாய்வழி உறவுதான் உறவாக இருந்தது. தாய்வழிப் பெண்களின் வாழ்க்கை எப்படி என்று முத்துலட்சுமி புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை; வீட்டுக் கூடத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

சந்திரம்மாள் மகளை நன்றாக ஓர் இடத்தில் கட்டிக்கொடுத்துவிட வேண்டும் என்றே விரும்பினார். மகளோ, படிக்க வேண்டும் என்றார். நம் புத்தகங்களில் இந்த இடத்தில் முற்போக்கான தந்தை, பழமையான தாய் என்று எழுதிவிடுகிறார்கள். சந்திரம்மாள் நிலையில் இருந்து பாருங்கள். முறையான கல்யாணம் என்ற ஒன்று தன் குலத்துப் பெண்களுக்கு மறுக்கப்பட்டிருந்த ஊர். அந்த ஊரில் தன் பெண்ணுக்கு அது கிடைக்க வேண்டும் என்று ஒரு தாய் விரும்புவது பழமை அல்ல. அவருடைய வாழ்க்கையில் அதைவிடப் பெரிய புரட்சி வேறு இருந்திருக்க முடியாது.

மகள் ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரிக்குள் போனார். எதிர்ப்பு எழுந்தது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதித்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912இல் மருத்துவர். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். பிறகு சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் நுழைந்து அதன் துணைத் தலைவரானார். சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டிவிடும் தேவதாசி முறைக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். 1929இல் கோயில் மானிய நிலத்தை ஊழியத்தின் கட்டிலிருந்து விடுவித்து அந்தப் பெண்களுக்கே கொடுக்க வழிசெய்யும் சட்டத் திருத்தம் வந்தது. பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் சட்டம் 1947இல் வந்தது. வீடு தேடி வந்த தேவதாசி குடும்பத்துச் சிறுமிகளுக்குத் தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அதிலிருந்து அவ்வை இல்லம் வளர்ந்தது. தங்கை புற்றுநோயில் இறந்த துயரம் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது.

ஆனால் பாலசரஸ்வதிக்கு அந்த 1947 சட்டம் மனக்காயம். கோயிலில் பெண் ஆடுவதே குற்றம் என்றாகிவிட்டதில், தன் பாட்டியும் அம்மாவும் காத்த கலையை ஊரார் குப்பையில் போட்டுவிட்டுப் பிறகு வேறு பெயரில் எடுத்துக்கொண்டார்கள் என்ற வேதனை அவருக்குக் கடைசிவரை இருந்தது. முத்துலட்சுமிக்கோ, அந்த முறை நீடித்த ஒவ்வொரு நாளும் ஒரு சிறுமியின் வாழ்க்கை போய்க்கொண்டிருந்தது. யார் சொன்னது சரி என்று என்னிடம் அடிக்கடி கேட்பார்கள். சட்டம் வந்தது சரி. எனக்கு அதில் சந்தேகமே இல்லை. சிறுமிகளைப் பற்றிய விஷயத்தில் கலையை எடைக்கல்லாக வைக்க முடியாது. ஆனால் அந்தப் பெண்களின் வித்தைக்குச் சமூகம் மரியாதை கொடுக்காமல் விட்டது தவறு, அந்தத் தவறு இன்னும் தீரவில்லை. ஜெயம்மாளின் மகளும் சந்திரம்மாளின் மகளும் ஒரே குலத்து வீடுகளிலிருந்து புறப்பட்டு எதிரெதிர் திசையில் போனார்கள். இருவரையும் தாயோடு சேர்த்துப் படித்தால்தான், அவரவர் ஏன் அந்தத் திசையில் போனார் என்று விளங்கும்.

இன்னொன்று. அந்த மருத்துவரின் பெயரில் கணவர் குடும்பத்தின் 'ரெட்டி' இருக்கிறது. சந்திரம்மாள் எங்கும் இல்லை.

இனி கும்பகோணத்துக்குப் போவோம். கணித மேதை ராமானுஜன். அவருடைய 'எஸ்' தந்தை சீனிவாச ஐயங்கார். ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை. சம்பளம் மாதம் இருபது ரூபாய் அளவில். தாயார் கோமளத்தம்மாள், ஈரோட்டு முன்சீப் கோர்ட்டு அமீனாவின் மகள். அந்தத் தாய்வீட்டில்தான் 1887 டிசம்பர் 22 அன்று ராமானுஜன் பிறந்தார்.

கோமளத்தம்மாளைப் பக்தி மிக்க தாய் என்று எழுதுகிறோம். குலதெய்வம் நாமகிரித் தாயாரை வணங்கினார் என்பதோடு முடித்துக்கொள்கிறோம். அவர் கோயிலில் பஜனை பாடினார், அது பக்திதான். கூடவே அது வருமானமும்தான். மாதம் ஐந்தோ பத்தோ அதில் வந்தது. இருபது ரூபாய்க் குடும்பத்தில் பத்து ரூபாய் என்றால் எவ்வளவு பெரிய பங்கு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதுவும் போதாமல் கல்லூரி மாணவர்களை வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போட்டார். அந்த மாணவர்களிடமிருந்துதான் சிறுவன் ராமானுஜன் கணக்குக் கற்றுக்கொண்டான். பதினோரு வயதுக்குள் அவர்களுக்குத் தெரிந்ததையெல்லாம் முடித்துவிட்டான். வீட்டுச் செலவைச் சரிக்கட்ட அம்மா செய்த ஏற்பாடு, மகனுக்குக் கல்லூரிக் கணக்கை வீட்டுத் திண்ணைக்கே கொண்டுவந்து சேர்த்தது. இதைவிட நேரான ஒரு தாய்ப் பங்களிப்பை எந்த வாழ்க்கை வரலாற்றிலும் நான் பார்த்ததில்லை. ஆனால் இந்த வருமானக் கணக்கு எந்தப் பாடப்புத்தகத்தில் வந்திருக்கிறது?

அந்த அம்மாளுக்கு ராமானுஜனுக்கு அடுத்துப் பிறந்த மூன்று குழந்தைகள் கைக்குழந்தையாகவே இறந்தன. ராமானுஜனே இரண்டு வயதில் அம்மை கண்டு பிழைத்தவர். மகனை அவர் ஏன் அப்படி இறுகப் பிடித்துக்கொண்டார் என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. மகனோடு ஆடுபுலி ஆட்டம் ஆடுவார். மகன் கடல் தாண்டக் கூடாது என்றார்; பிறகு கனவு கண்டேன், போகட்டும் என்று அவரே விட்டுக்கொடுத்தார். 1914 மார்ச்சில் கப்பல் புறப்பட்டது.

அதே கோமளத்தம்மாள், சிறு பெண்ணாகக் கல்யாணமாகி வந்த மருமகள் ஜானகியைக் கணவரிடமிருந்து தள்ளிவைத்தார். ஜானகி எழுதிய கடிதம் ராமானுஜனுக்குப் போகவில்லை, ராமானுஜன் எழுதியது ஜானகிக்குக் கிடைக்கவில்லை. கேம்பிரிட்ஜில் குளிரிலும் நோயிலும் கிடந்தவருக்கு வீட்டிலிருந்து வந்த மௌனம் என்ன செய்திருக்கும்? இதையும் எழுத வேண்டும். தாய் என்பதால் இதை மறைத்தால் ஜானகிக்கு அநியாயம் செய்தவர்களாவோம். 1920இல் கணவர் இறந்தபோது ஜானகிக்கு இருபத்தொரு வயது. பிறகு திருவல்லிக்கேணியில் தையல் மிஷின் மிதித்துப் பிழைத்து 1994 வரை வாழ்ந்தார். அவரும் அந்தக் குடும்பப் பின்னணியின் ஒரு பகுதிதான்.

1919 ஜனவரியில் ராமானுஜன் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தனக்கு அறிவித்திருக்கும் தொகையில் ஆண்டுக்கு ஐம்பது பவுன் பெற்றோருக்குக் கொடுக்க வேண்டும், தன் செலவு போக மிச்சமிருப்பதை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குச் செலவிட வேண்டும் என்று கேட்டார். வீட்டில் இருபது ரூபாயும் பத்து ரூபாயும் எப்படி எண்ணப்பட்டன என்று பார்த்து வளர்ந்த பிள்ளை எழுதிய கடிதம் அது.

காமராசரின் தாயார் சிவகாமி அம்மாளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், நீங்கள் கேட்டிருப்பீர்கள். அம்மா வீட்டுக்கென்று தனியாகப் போட்ட குழாயை முதலமைச்சரான மகனே எடுக்கச் சொன்ன கதை மேடைதோறும் சொல்லப்படுகிறது. அது மகனின் நேர்மையைச் சொல்லும் கதை. அம்மாவின் கதை அதற்கு நாற்பது ஆண்டுக்கும் முன்பே நடந்தது. தேங்காய் வியாபாரியான கணவர் குமாரசாமி, மகனின் சின்ன வயதிலேயே இறந்துவிட, ஒரு மகனும் ஒரு மகளும் கையில். கையிலிருந்த நகைதான் முதல். அதை வைத்துக் குடும்பத்தை நகர்த்தினார். மகன் நாட்டுக்காக ஏறத்தாழ ஒன்பது ஆண்டு சிறையில் இருந்தபோது விருதுநகரில் அந்த வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது என்று ஒருவரும் மேடையில் சொல்வதில்லை.

அப்துல் கலாமின் மூன்று முன்னெழுத்துகளைப் பாருங்கள்: அவுல், பக்கீர், ஜைனுலாப்தீன். மூன்றும் ஆண்வழி. அம்மா ஆஷியம்மாள் அதில் இல்லை. ஆனால் கலாம் தன் வரலாற்றை எழுத உட்கார்ந்தபோது அம்மா அன்றாடம் பலருக்குச் சோறு போட்டார் என்பதை முதலிலேயே எழுதினார். வீட்டு ஆட்களைவிட வெளியாட்கள்தான் அதிகம் சாப்பிட்டார்கள் என்கிறார். பெயரில் இல்லாததைப் புத்தகத்தில் கொண்டுவந்து சேர்த்தார்.

இவ்வளவையும் சொல்கிற நானே செய்த தவறு ஒன்று உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவன். ஜூன் மாதத்தில் சேர்க்கைப் படிவம் நிரப்புவது என் பொறுப்பு. எழுதத் தெரியாத பெற்றோர் எதிரில் நிற்பார்கள். "தந்தை தொழில்?" என்று கேட்பேன், சொல்வார்கள், எழுதுவேன். "தாயார் தொழில்?" என்று கேட்க மாட்டேன். நானே "இல்லத்தரசி" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவேன். ஒருநாள் ஒரு அம்மா, கையில் சூடு பட்ட தழும்போடு நின்றவர், "என்ன எழுதினீங்க சார்?" என்று கேட்டார். சொன்னேன். "நான் இட்லிக் கடை வச்சிருக்கேன் சார். அவர் சம்பாத்தியம் கெடையாது, என் கடைதான்" என்றார். அடித்துவிட்டு எழுதினேன். அன்று இரவு என் அம்மாவை நினைத்துக்கொண்டேன். நாலு மாடு வைத்துப் பால் ஊற்றியவர். சமையலறைச் சுவரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரிசையாகக் கரிக்கோடு போட்டு வைத்திருப்பார். மாதக் கடைசியில் அந்தக் கோடுகளை விரலால் தொட்டு எண்ணி, ஒரு பைசா பிசகாமல் கணக்குச் சொல்வார். என் படிப்பு அந்தச் சுவரிலிருந்து வந்தது. என் பள்ளிச் சான்றிதழில் அவர் பெயர் கிடையாது. அந்த நாளில் அதற்குக் கட்டமே கிடையாது.

சட்டம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருக்கிறது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் தாயும் குழந்தைக்கு இயற்கைக் காப்பாளராகச் செயல்படலாம் என்று தீர்ப்பளித்தது. 2015இல், திருமணமாகாத தாய் தந்தையின் பெயரைச் சொல்லாமலேயே குழந்தைக்குச் சட்டக் காப்பாளராகலாம் என்றது. 2016 டிசம்பரில் பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோரில் ஒருவர் பெயர் இருந்தால் போதும் என்று விதி வந்தது. இவை நடந்தது நேற்று என்று சொல்லலாம். அதற்கு எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்த மதுரையில் ஒரு வீணைக்காரர் தன் பெயரின் முதல் எழுத்தை மகளுக்குக் கொடுத்திருந்தார்.

தியாகம் என்ற சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது நல்ல சொல்தான். ஆனால் அம்மாக்களைப் பற்றி எழுதும்போது அது வேலையை மறைத்துவிடுகிறது. சண்முகவடிவு கற்றுக்கொடுத்தார். ஜெயம்மாள் பாடினார். கோமளத்தம்மாள் சம்பாதித்தார். இவை வினைச்சொற்கள். வாழ்க்கை வரலாறு எழுதுகிறவருக்கு வினைச்சொல்தான் வேண்டும்.

எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தாள்களை உங்களிடமே திருப்பித் தருகிறேன். ஒவ்வொரு தாளின் மேலேயும் பென்சிலால் மூன்று கோடு போட்டிருக்கிறேன். முதல் கோட்டில் தாயாரின் பெயர். இரண்டாவதில் அவர் பார்த்த வேலை. அதற்குக் காசு வந்ததா இல்லையா என்பதையும் சேர்த்து. மூன்றாவதில் அவருக்குத் தெரிந்த வித்தை: பாட்டோ, கணக்கோ, கைவைத்தியமோ, எதுவானாலும். தேடிப் பாருங்கள், இந்த நூலகத்திலேயே பலவற்றுக்கு விடை இருக்கிறது. கிடைக்காவிட்டால் கோட்டை வெறுமையாகவே விட்டு அச்சுக்குக் கொடுங்கள். அந்த இடத்தில் "அன்பும் அடக்கமும்" என்று மட்டும் எழுதி நிரப்பிவிடாதீர்கள்.